அரசு ஆர்.எஃப்.பி.யைப் படிப்பது எப்படி? முதல் டெண்டர் போடுகிறவர்களுக்கு

புதிதாக அரசு வேலைக்கு டெண்டர் போட வருகிறவர்களிடம் ஒரு பழக்கத்தைத் தொடர்ந்து பார்க்கிறேன். நூறு, நூற்றைம்பது பக்கம் உள்ள ஆர்.எஃப்.பி., அதாவது வேலையை எப்படிச் செய்வீர்கள் என்று முன்மொழிவு கேட்கும் ஆவணத்தை இறக்குவார்கள். முதல் பத்துப் பக்கம் படிப்பார்கள். அப்புறம் நேராகக் கடைசிக்குப் போய், படிவங்களைப் பிரிண்ட் எடுத்து நிரப்ப ஆரம்பித்துவிடுவார்கள். நடுவில் இருப்பதெல்லாம் எல்லா டெண்டரிலும் வருவதுதானே என்று விட்டுவிடுவார்கள். நன்றாக வேலை தெரிந்த சின்ன நிறுவனங்கள் தகுதியைப் பார்க்கும் டெக்னிக்கல் கவரிலேயே கழிந்துபோவதற்கும், ஜெயித்தவர்கள் ஆறு மாதம் கழித்து நஷ்டத்தில் விழிப்பதற்கும் பெரும்பாலும் அந்த நடுப்பக்கங்கள்தான் காரணம்.

ஆர்.எஃப்.பி.யில் இருக்கும் வரிகளை மூன்று வகையாகப் பிரித்துவிடலாம். சில வரிகள் உங்களை வெளியே தள்ளக்கூடியவை. சில வரிகளுக்கு மதிப்பெண் உண்டு. மற்றவை உங்கள் பணத்தைத் தொடுபவை. படிக்கும்போதே மூன்று நிறப் பேனாவை வைத்துக்கொண்டு இப்படிக் குறித்துப் போவதுதான் இந்தக் கட்டுரையின் அடிப்படை. தமிழ்நாட்டு அரசுத் துறைகள், வாரியங்கள், மாநகராட்சிகள் கேட்கும் டெண்டர்களை வைத்து எழுதுகிறேன். மத்திய அரசு விதி மாறும் இடங்களை அங்கங்கே சொல்கிறேன்.

சாதாரண டெண்டருக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்

இருநூறு மேசை வேண்டும், நீள அகலம் இது, மரம் இது என்று துறையே எழுதிவிட்டு விலையை மட்டும் கேட்டால் அது வழக்கமான டெண்டர். விலை குறைவாகச் சொன்னவர், அதாவது எல்1, வேலையை எடுத்துக்கொள்வார். ஆர்.எஃப்.பி.யில் துறைக்கு ஒரு தேவை இருக்கும், அதைத் தீர்க்கும் வழியை உங்களிடம் கேட்கும். மென்பொருள், ஆலோசனைப் பணி, பழைய ஆவணங்களைக் கணினிமயமாக்குவது, நகரத் திட்ட அறிக்கை போன்ற வேலைகளுக்கு இப்படிக் கேட்பார்கள். எப்படிச் செய்வீர்கள், யாரை வைத்துச் செய்வீர்கள் என்பதற்கும் மதிப்பெண் உண்டு. சில சமயம் இதற்கு முன்னால் விருப்பம் தெரிவிக்கச் சொல்லி ஈ.ஓ.ஐ. என்று ஒன்று வரும். அதில் விலை கேட்க மாட்டார்கள், தகுதி பார்த்துச் சிலரைப் பட்டியலில் சேர்ப்பார்கள்.

எந்தச் சட்டத்தின்கீழ் வருகிறது என்பதை முதலில் பாருங்கள். மாநிலத் துறை என்றால் 1998-ஆம் ஆண்டின் தமிழ்நாடு டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டமும் 2000-ஆம் ஆண்டின் விதிகளும். மத்திய அரசு அலுவலகம் என்றால் 2017-இன் பொது நிதி விதிகள், ஜி.எஃப்.ஆர். என்பார்கள். உலக வங்கி கடன் கொடுத்த திட்டம் என்றால் அந்த வங்கியின் கொள்முதல் விதிகள். டெண்டரோடு கட்டும் முன்வைப்புத் தொகை (ஈ.எம்.டி.) எவ்வளவு, சலுகை யாருக்கு, எத்தனை நாள் அவகாசம், முறையீடு எங்கே என்பதெல்லாம் இதைப் பொறுத்து மாறும். ஆவணத்தின் முதல் சில பக்கங்களிலேயே எந்த விதி என்று எழுதியிருப்பார்கள்.

டெண்டர் வருவதற்கு முன்பே கையில் இருக்க வேண்டியவை

மாநில டெண்டர்கள் டி.என்.டெண்டர்ஸ் தளத்தில் வருகின்றன. மத்திய அரசுக்கு மத்தியப் பொதுக் கொள்முதல் தளமும், 2016-இல் தொடங்கிய ஜெம் என்ற இணையச் சந்தைத் தளமும் இருக்கின்றன. பதிவு செய்ய, பான், ஜி.எஸ்.டி. பதிவு, நிறுவனப் பதிவுச் சான்று, மூன்று வருட வருமான வரிக் கணக்கு, தணிக்கை செய்த வரவுசெலவு அறிக்கை ஆகியவற்றை ஸ்கேன் செய்து ஒரே இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கிளாஸ் 3 டிஜிட்டல் கையெழுத்து, அதாவது டி.எஸ்.சி., வாங்கும்போது கையெழுத்துக்கும் என்கிரிப்ஷனுக்கும் சேர்த்து வாங்குங்கள். கையெழுத்துக்கு மட்டும் வாங்கிவிட்டால் மறுபடி அலைய வேண்டிவரும்.

குறு, சிறு நிறுவனம் என்றால் உத்யம் என்ற மத்திய அரசின் எம்.எஸ்.எம்.இ. பதிவு கட்டாயம் வைத்திருங்கள். மத்திய அரசின் 2012 கொள்முதல் கொள்கைப்படி இவர்களுக்கு முன்வைப்புத் தொகை விலக்கு உண்டு, டெண்டர் ஆவணம் இலவசம். துறைகள் ஆண்டுக் கொள்முதலில் 25 சதவீதத்தைக் குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்க வேண்டும். அதற்குள் பட்டியலினத்தவர், பழங்குடியினர் நடத்தும் நிறுவனங்களுக்கு 4 சதவீதம், பெண்கள் நடத்துபவற்றுக்கு 3 சதவீதம். எல்1 விலையைவிட 15 சதவீதத்துக்குள் உங்கள் விலை இருந்தால், எல்1 விலைக்கு இறங்கிவந்து ஒரு பங்கு சப்ளையைப் பெறவும் வழி இருக்கிறது. இது மத்திய அரசுக் கொள்கை. மாநில டெண்டரில் உத்யம் சான்றை மட்டும் வைத்துவிட்டு முன்வைப்புத் தொகையைக் கட்டாமல் இருந்துவிடாதீர்கள். அந்த ஆவணத்தில் விலக்கு யாருக்கு என்று எழுதியிருக்கிறதோ அதுதான் கணக்கு.

படிக்க வேண்டிய வரிசை

அச்சில் இருக்கும் வரிசையில் படித்தால் முதலில் துறையின் வரலாறும் திட்டத்தின் நோக்கமும் வரும். அதைக் கடைசியில் படித்துக்கொள்ளலாம். முதல் உட்காரலில் தேதிகள் உள்ள பக்கம், தகுதி நிபந்தனைகள், மதிப்பீட்டு முறை, வரைவு ஒப்பந்தத்தில் பணம் தருவது, அபராதம் பற்றிய பிரிவுகள் என்று போங்கள். இவ்வளவுக்கும் இரண்டு மணி நேரம் போதும். இதில் போடலாம் என்று தோன்றினால்தான் வேலை விவரத்துக்குள் இறங்க வேண்டும்.

தேதிகள் பக்கத்தில் கடைசித் தேதியை மட்டும் பார்ப்பது வழக்கம். அதைவிட முக்கியமானது கேள்விகளை அனுப்பக் கடைசி நாள். அது பெரும்பாலும் டெண்டர் வெளிவந்த முதல் வாரத்திலேயே முடிந்துவிடும். மாநில விதிப்படி 2 கோடி ரூபாய் வரையுள்ள டெண்டருக்குக் குறைந்தது 15 நாள், அதற்கு மேல் 30 நாள் அவகாசம் தர வேண்டும். குறைக்க வேண்டுமென்றால் மேலதிகாரி காரணத்தை எழுதி அனுமதிக்க வேண்டும். பதினைந்து நாளில் கேள்வி, பதில், திருத்தம், சான்றிதழ் திரட்டல் எல்லாம் முடிய வேண்டும் என்பதால் நீங்கள் டெண்டரைப் பார்க்கும் நாள்தான் உங்கள் முதல் நாள். வாரத்துக்கு ஒரு முறை தளத்தைப் பார்க்கிறவர்களுக்கு இந்த ஆட்டம் ஒத்துவராது.

திருத்த அறிவிப்புகளைக் கொரிஜெண்டம் என்பார்கள். அவை ஆவணத்தின் பகுதியே. தேதி மாறும், தகுதி மாறும், விலைப் படிவமே மாறும். பழைய விலைப் படிவத்தில் நிரப்பி ஏற்றினால் மொத்தமும் வீண். டெண்டர் எண்ணை எழுதிவைத்துக்கொண்டு கடைசி நாள் காலை வரை தினமும் பாருங்கள்.

வெளியே தள்ளும் வரிகள்

தகுதி நிபந்தனைகள் பொதுவாக ஓர் அட்டவணையில் இருக்கும். இடது பக்கம் நிபந்தனை, வலது பக்கம் அதற்கு வைக்க வேண்டிய ஆதாரம். எல்லோரும் இடது பக்கத்தைப் படிக்கிறார்கள். தள்ளுபடி நடப்பது வலது பக்கத்தில்.

மூன்று நிதியாண்டுகளின் சராசரி டர்ன்ஓவர் கேட்டிருந்தால் எந்த மூன்று ஆண்டுகள் என்று பாருங்கள். ஜூன் மாதம் வரும் டெண்டரில் முந்தைய மார்ச்சோடு முடிந்த ஆண்டுக்குத் தணிக்கை முடிந்திருக்காது. அந்த ஆண்டையும் கேட்கிறார்களா, அதற்கு முந்தைய மூன்றா என்பதைப் பொறுத்து நீங்கள் உள்ளே இருக்கலாம், வெளியே போகலாம். ஆடிட்டர் சான்று கேட்டால், அதைச் சரிபார்க்க உதவும் யூ.டி.ஐ.என். எண்ணோடு வாங்குங்கள். மொத்த டர்ன்ஓவர் வேறு, குறிப்பிட்ட தொழிலிலிருந்து வந்த டர்ன்ஓவர் வேறு. இரண்டாவதைக் கேட்டால் ஆடிட்டர் அதைத் தனியாகப் பிரித்து எழுதித் தர வேண்டும்.

முன் அனுபவத்துக்கு மத்தியக் கண்காணிப்பு ஆணையம் 2002-இல் சொன்ன ஓர் அளவு இன்றைக்கும் பல டெண்டர்களில் வருகிறது. மதிப்பீட்டுத் தொகையில் 80 சதவீதத்துக்கு ஒரே வேலை, அல்லது 50 சதவீதத்துக்கு இரண்டு, அல்லது 40 சதவீதத்துக்கு மூன்று வேலை செய்திருக்க வேண்டும். ஒரு கோடி ரூபாய் வேலை என்றால் 80 லட்சத்தில் ஒன்று, 50 லட்சத்தில் இரண்டு, 40 லட்சத்தில் மூன்று. இதில் கவனிக்க வேண்டியது ‘முடித்த’ வேலையா, ‘நடந்துகொண்டிருக்கும்’ வேலையும் சேருமா என்பது. முடித்த வேலை என்றால் ஒர்க் ஆர்டரை வைத்துப் பயனில்லை, முடிவுச் சான்று வேண்டும். அதில் தொகையும் தேதியும் இல்லையென்றால் அதுவும் செல்லாமல் போகலாம். ஆகவே ஒவ்வொரு வேலை முடிந்ததும் வேலையின் பெயர், தொகை, தொடங்கிய தேதி, முடித்த தேதி நான்கும் உள்ள சான்றை உடனே வாங்கிவிடுங்கள். அந்த அதிகாரி மாற்றலாகிப் போன பிறகு அதே சான்றுக்கு மாதக்கணக்கில் நடக்க வேண்டியிருக்கும்.

இதே இடத்தில் இன்னும் சில: தனியார் நிறுவனத்துக்குச் செய்த வேலை கணக்கில் வருமா, கூட்டாகச் சேர்ந்து போடலாமா, வேலையில் ஒரு பகுதியை வேறொருவருக்குத் தரலாமா, கறுப்புப் பட்டியலில் இல்லை என்ற உறுதிமொழியை லெட்டர்ஹெட்டில் தந்தால் போதுமா, ஸ்டாம்ப் பேப்பரில் நோட்டரி கையெழுத்தோடு வேண்டுமா. முன்வைப்புத் தொகையை ஆன்லைனில் கட்டாமல் பேங்க் கியாரண்டியாகத் தந்தால் அசலைக் குறிப்பிட்ட நேரத்துக்குள் அலுவலகத்தில் சேர்க்கச் சொல்லியிருப்பார்கள். மத்திய விதிகளில் இந்தத் தொகை பொதுவாக மதிப்பீட்டில் 2 முதல் 5 சதவீதம்.

இந்த நிபந்தனைகள் துறையையும் கட்டும். 1979-இல் பம்பாய் விமான நிலையத்தில் உணவகம் நடத்தும் டெண்டர் ஒன்றைப் பற்றிய வழக்கில், தான் எழுதிய தகுதியை அரசு அமைப்பே மீறக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் வழக்குப் போட்டவர் தாமதமாக வந்தார், வேலை பெற்றவர் அதற்குள் நிறையச் செலவு செய்துவிட்டார் என்பதால் அந்த ஒப்பந்தத்தை ரத்து செய்யவில்லை. தகுதிப் பிரிவில் தவறு தெரிந்தால் உடனே, எழுத்தில் கேட்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

மதிப்பெண் தரும் வரிகள்

ஆர்.எஃப்.பி.யில் மூன்று விதமாகத் தேர்வு நடக்கும். டெக்னிக்கலில் தேறியவர்களில் குறைந்த விலை சொன்னவருக்குக் கொடுப்பது ஒன்று. தரம், விலை இரண்டுக்கும் எடை போட்டுக் கூட்டுவது இன்னொன்று, இதை க்யூ.சி.பி.எஸ். என்பார்கள். தொகையைத் துறையே நிர்ணயித்துவிட்டு யாருடைய திட்டம் சிறந்தது என்று மட்டும் பார்ப்பது மூன்றாவது, அது அபூர்வம்.

முதல் முறையில் டெக்னிக்கல் என்பது ஒரு வாசல். தேர்ச்சி 70 என்றால் 71 வாங்கியவரும் 98 வாங்கியவரும் ஒன்றுதான். அங்கே 98-க்காகச் செலவழித்துப் பெரிய குழுவைக் காட்டி விலையை ஏற்றிக்கொள்வது வீண். க்யூ.சி.பி.எஸ்.ஸில் கணக்கே வேறு.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நிறுவனம் ‘அ’ டெக்னிக்கலில் 90 மதிப்பெண், விலை 50 லட்சம். நிறுவனம் ‘ஆ’ 78 மதிப்பெண், விலை 38 லட்சம். விலை மதிப்பெண்ணில் குறைந்த விலைக்கு 100. மற்றவர்களுக்குக் குறைந்த விலையைத் தங்கள் விலையால் வகுத்து நூறால் பெருக்குவார்கள். ஆக ‘ஆ’வுக்கு 100, ‘அ’வுக்கு 76.

எடை 70:30 என்றால் ‘அ’வுக்கு 63 கூட்டல் 22.8, மொத்தம் 85.8. ‘ஆ’வுக்கு 54.6 கூட்டல் 30, மொத்தம் 84.6. பன்னிரண்டு லட்சம் அதிகம் கேட்டும் ‘அ’ ஜெயிக்கிறது. அதே ஆட்கள், அதே விலை, எடை மட்டும் 60:40 என்று வைத்துப் பாருங்கள். ‘அ’வுக்கு 84.4, ‘ஆ’வுக்கு 86.8. முடிவு தலைகீழ். விலையை முடிவு செய்வதற்கு முன் இந்தக் கணக்கைக் காகிதத்தில் போடாமல் யாரும் க்யூ.சி.பி.எஸ். டெண்டரில் இறங்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. மத்திய அரசில் ஆலோசனைப் பணிகளுக்குத் தரத்தின் எடை அதிகபட்சம் 80 வரை போகலாம். 2021 அக்டோபரில் வந்த வழிகாட்டுதலின்படி, கட்டுமானத்துக்கும் ஆலோசனை அல்லாத சேவைகளுக்கும் இந்த முறையைப் பயன்படுத்தினால் தரத்தின் எடை 30-ஐத் தாண்டக் கூடாது.

இனி டெக்னிக்கல் மதிப்பெண் அட்டவணைக்குள் போய், உங்களுக்கு நீங்களே கடுமையாக மதிப்பெண் போடுங்கள். ‘இதுபோன்ற வேலை ஒன்றுக்கு 5 மதிப்பெண், அதிகபட்சம் 20’ என்றிருந்தால் உங்களிடம் சான்றோடு எத்தனை இருக்கிறது? திட்ட மேலாளருக்கு 10 ஆண்டு அனுபவம் இருந்தால் 8, ஏழு ஆண்டு என்றால் 5 என்றிருந்தால் யாரைக் காட்டப் போகிறீர்கள்? பிரசன்டேஷனுக்கு 20 அல்லது 30 மதிப்பெண் வைத்திருக்கிறார்களா? எண்ணிப் பார்க்க முடிந்த மதிப்பெண்களில் மட்டும் உங்கள் கூட்டல் எங்கே நிற்கிறது என்று பார்த்துவிட்டு, பிரசன்டேஷனில் பாதி கிடைத்தால் தேறுவோமா என்று பாருங்கள். பாதி கிடைத்தும் தேறவில்லை என்றால் அந்த டெண்டரை விட்டுவிடலாம்.

வேலை விவரத்தைப் படித்து அளப்பது

ஒரு மாவட்டத்தில் பழைய பதிவேடுகள் 10 லட்சம் பக்கங்களை ஆறு மாதத்தில் ஸ்கேன் செய்து, அட்டவணைப்படுத்தித் தர வேண்டும் என்று ஓர் ஆர்.எஃப்.பி. வந்ததாக வைத்துக்கொள்வோம். பக்கத்துக்கு இவ்வளவு என்று விலை சொல்ல வேண்டும். வெளியிலிருந்து பார்த்தால் சுலபமான வேலை.

மாதம் 25 வேலைநாள் என்றால் 150 நாள். நாளுக்குச் சுமார் 6,700 பக்கம். தைத்த பதிவேட்டைப் பிரிக்காமல் மேலிருந்து படமெடுக்கும் ஸ்கேனரில் ஒருவர் நாளுக்கு 1,500 பக்கம் எடுப்பார் என்று கணக்கிட்டால் ஐந்து ஸ்கேனர், ஐந்து ஆபரேட்டர். இதற்குள் கேட்க வேண்டிய கேள்விகள் வரிசையாக வரும். பதிவேடுகளைப் பிரித்துத் தாள்தாளாக எடுக்க அனுமதி உண்டா? பொடிந்துபோன தாளுக்கு யார் பொறுப்பு? ஒரு பக்கத்தின் விவரங்களைத் தமிழில் தட்டச்சு செய்ய வேண்டுமா, பெயர், தேதி போன்று எத்தனை புலங்கள்? இரண்டு புலம் தட்டுவதற்கும் பன்னிரண்டு புலம் தட்டுவதற்கும் செலவு ஆறு மடங்கு மாறும். பதிவேட்டை வெளியே எடுத்துப் போகலாமா, ஆபீஸிலேயே செய்ய வேண்டுமா? ஆபீஸில் என்றால் அறை, மின்சாரம் யாருடையது, மாலை ஐந்தே முக்காலுக்குப் பிறகும் விடுமுறை நாளிலும் திறந்து தருவார்களா? தராவிட்டால் உங்கள் 150 நாள் கணக்கு பொய்த்துவிடும். வெற்றுப் பக்கத்துக்குப் பணம் உண்டா? தரச் சோதனையை யார் செய்வார், எத்தனை சதவீதம் பிழை வந்தால் மொத்தத் தொகுப்பையும் திருப்புவார்கள்? 10 லட்சம் என்பது உறுதியா, கூடக்குறைய ஆகலாம் என்று எங்கேனும் ஒரு வரி இருக்கிறதா?

பத்து லட்சம் நான்கு லட்சமாகக் குறைந்தாலும் நீங்கள் வாங்கிய ஐந்து ஸ்கேனரின் விலை குறையாது. ஆகவே அளவு பற்றிய வரி எங்கே இருந்தாலும் அதைப் பணத்தின் நிறத்தில் குறியுங்கள். எந்தத் தொழிலாக இருந்தாலும் வழி இதுதான். விவரத்தில் உள்ள ஒவ்வொரு வேலையையும் ஆள், நாள், கருவி, இடம் என்று உடைத்துப் பாருங்கள். உடைக்க முடியாத இடத்தில் ஒரு கேள்வி இருக்கிறது.

பணத்தைத் தொடும் வரிகள்

இணைப்பில் ஒளிந்திருக்கும் வரைவு ஒப்பந்தம் நாளைக்கு நீங்கள் கையெழுத்துப் போடப்போவது. ஜெயித்த பிறகு மாற்றச் சொல்ல முடியாது.

எந்த நிலையில் எத்தனை சதவீதம் தருவார்கள் என்பதை மாதவாரியாக எழுதுங்கள். நமது பதிவேடு எடுத்துக்காட்டில் மொத்தம் 50 லட்சம் என்று வைத்துக்கொண்டு, முதல் 30 சதவீதம் பாதி வேலை முடிந்து சோதனையில் தேறிய பின் என்றால், குறைந்தது நான்கு மாதச் சம்பளமும் கருவிச் செலவும் உங்கள் கையிலிருந்து போகும். அதற்கு வட்டி உண்டு. அந்த வட்டியை விலையில் சேர்க்க வேண்டும். தாமதத்துக்கு வாரத்துக்கு அரை சதவீதம், அதிகபட்சம் 10 சதவீதம் என்ற அபராதம் பரவலாக இருக்கும். 50 லட்சத்துக்கு வாரம் 25,000 ரூபாய், உச்சம் 5 லட்சம். உங்கள் லாபமே ஐந்து லட்சம்தான் என்றால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். துறை அறை திறந்து தராததால் வந்த தாமதத்துக்கு விலக்கு எழுதப்பட்டிருக்கிறதா என்றும் தேடுங்கள்.

வேலையைச் சரியாக முடிப்பதற்கு ஈடாகத் தரும் செயல்பாட்டு உறுதித்தொகையை ஒப்பந்த மதிப்பில் 3 முதல் 10 சதவீதம் வரை பேங்க் கியாரண்டியாகக் கேட்பார்கள். கியாரண்டி தர வங்கி உங்களிடம் பணத்தைப் பிடித்துவைக்கும், கமிஷனும் வாங்கும். சொன்ன விலையில் ஜி.எஸ்.டி. சேர்ந்ததா, தனியா என்பதை விலைப் படிவத்தின் தலைப்பிலேயே பாருங்கள். இரண்டரை லட்சத்துக்கு மேற்பட்ட ஒப்பந்தத்தில் அரசு 2 சதவீதம் ஜி.எஸ்.டி. டி.டி.எஸ். பிடிக்கும், வருமான வரிப் பிடித்தம் தனி. இவை பின்னால் கணக்கில் வரவாகும், ஆனால் கையில் வரும் பணம் குறையும். ஆள் வைக்கும் வேலை என்றால் குறைந்தபட்சக் கூலி, பி.எஃப்., இ.எஸ்.ஐ. மூன்றையும் போட்ட பிறகே லாபத்தைப் பற்றிப் பேச வேண்டும். இவற்றை விட்டுவிட்டு எல்1 ஆகிறவர்கள் தங்கள் ஆட்களின் வயிற்றில் அடித்துத்தான் ஒப்பந்தத்தை ஓட்டுகிறார்கள். அப்படி ஒரு விலையைச் சொல்லாதீர்கள்.

ப்ரீ-பிட் கேள்விகள்

சின்ன நிறுவனத்துக்கு இருக்கும் ஒரே பேச்சுவார்த்தை மேடை, டெண்டர் போடுவதற்கு முன் துறை நடத்தும் ப்ரீ-பிட் கூட்டம். அதற்குப் போகாமல் இருப்பது பெரிய தவறு. பதில்கள் எழுத்தில் வந்து திருத்த அறிவிப்பாகும்போது எல்லோருக்கும் பொருந்தும். கூட்டத்தில் அதிகாரி வாய்மொழியாகச் சொன்னதற்கு மதிப்பில்லை.

பக்கம், பிரிவு எண், அந்த வரி, உங்கள் கேள்வி, நீங்கள் கோரும் மாற்றம் என்று அவர்கள் கொடுத்த படிவத்தில் அனுப்புங்கள். கோரிக்கையில் உங்கள் வசதியை எழுதாமல் துறைக்கு என்ன நன்மை என்று எழுதினால் எடுபடும். ‘எங்களிடம் இவ்வளவு டர்ன்ஓவர் இல்லை, குறைக்கவும்’ என்பதைவிட, ‘மதிப்பீட்டில் 30 சதவீத டர்ன்ஓவர் என்பது நடைமுறையில் உள்ள அளவு, இங்கே 100 சதவீதம் கேட்டிருப்பதால் போட்டி குறையும்’ என்பது வேறு கடிதம். குறிப்பிட்ட ஒரு பிராண்டின் பெயரோ, அது ஒன்றுக்கு மட்டுமே பொருந்தும் அளவோ இருந்தால் ‘அல்லது அதற்கு இணையானது’ என்று சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

ஒரு எச்சரிக்கை. உங்கள் கேள்விகளைப் போட்டியாளர்களும் படிப்பார்கள். நீங்கள் எந்த மென்பொருளை, எந்தச் சிக்கனமான வழியைப் பயன்படுத்தப் போகிறீர்கள் என்பது கேள்வியிலிருந்தே தெரிந்துவிடக் கூடாது.

பதில் வந்ததும் போடுவதா வேண்டாமா என்று முடிவெடுங்கள். தகுதியில் ஒன்று குறைந்தாலும் போடாதீர்கள். ‘பார்த்துக்கொள்வார்கள்’ என்று யாராவது சொன்னால் அவரை நம்பாதீர்கள்.

எழுதுவதும் ஏற்றுவதும்

முதல் பக்கத்தில் ஓர் அட்டவணை வையுங்கள்: நிபந்தனை, ஆதாரம், பக்க எண். மதிப்பிடும் குழுவில் இருப்பவர்களுக்கு இது ஒன்றே வேலை கிடையாது. பத்து நிறுவனங்களின் முந்நூறு பக்கங்களை ஒரு மத்தியானத்தில் புரட்டும் ஆளுக்கு, தேடாமல் கிடைக்கும்படி வைத்தால் உங்கள் மதிப்பெண் தவறிப்போகாது. வேலைமுறையை எழுதும்போது நிறுவனத்தின் பெருமையைக் குறைத்து, அந்த மாவட்டத்தின் அந்த வேலைக்கு என்ன செய்வீர்கள் என்பதை எழுதுங்கள். ஒரு நாள் அந்த ஆபீஸுக்குப் போய்ப் பதிவேட்டு அறையைப் பார்த்துவிட்டு எழுதியவரின் பக்கம் தனியாகத் தெரியும். படிவங்களின் வாசகத்தை மாற்றாதீர்கள், நிபந்தனை எதையும் சேர்க்காதீர்கள்.

டெக்னிக்கல் கவரில் எங்கேயும் விலை தெரியக் கூடாது. அட்டவணையின் மூலையில் ஒரு தொகை இருந்தாலும் தள்ளுபடி செய்யலாம்.

டி.என்.டெண்டர்ஸ் போன்ற தளங்களில் விலைப் படிவம் ஒரு எக்ஸெல் கோப்பாக வரும், பி.ஓ.க்யூ. என்பார்கள். திறந்த கட்டங்களை மட்டும் நிரப்பி, கோப்பின் பெயரை மாற்றாமல், அமைப்பைத் தொடாமல் சேமியுங்கள். மற்ற தாள்களைக் கறுப்பு வெள்ளையில் குறைந்த ரெசல்யூஷனில் ஸ்கேன் செய்தால் சீக்கிரம் ஏறும், படிக்க முடிகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். எல்லாம் ஏற்றிய பிறகு ‘ஃப்ரீஸ்’ பொத்தானை அழுத்தினால்தான் உங்கள் டெண்டர் சேரும். ஒப்புகைச் சீட்டில் பிட் எண் வந்திருக்க வேண்டும், அதைப் பிரிண்ட் எடுத்து வையுங்கள். கணக்கில் எடுப்பது சர்வரின் நேரம், உங்கள் கைக்கடிகாரம் காட்டும் நேரம் செல்லாது. கடைசி நேரம் வரை திருத்தி மறுபடி ஏற்றலாம், ஆனால் ‘வித்ட்ரா’ செய்துவிட்டால் அதே டெண்டரில் மறுபடி நுழைய முடியாது. முந்தைய நாளே ஏற்றி முடியுங்கள்.

திறந்த பிறகு

டெக்னிக்கல் கவர் திறந்த பின் விளக்கமோ விடுபட்ட சான்றோ கேட்டு மின்னஞ்சல் வரலாம், இரண்டு மூன்று நாள்தான் அவகாசம் இருக்கும். தினமும் பாருங்கள், ஸ்பாம் பெட்டியையும் சேர்த்து. விலை திறப்பின் முடிவுகளைத் தளத்திலேயே பார்க்கலாம். மாநிலச் சட்டப்படி விலையைக் குறைக்கச் சொல்லிப் பேசுவது குறைந்த விலை சொன்னவரோடு மட்டுமே. வேறு யாரையாவது கூப்பிட்டுப் பேசினால் அது முறையல்ல.

தோற்றாலும் முடிவைப் படியுங்கள். யார், எந்த விலைக்கு வாங்கினார், டெக்னிக்கலில் உங்களுக்கு எங்கே குறைந்தது என்று எழுதிவைத்தால் அடுத்த டெண்டரின் விலை அதிலிருந்துதான் பிறக்கும். வெளியிடாத விவரத்தை 2005-இன் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். நியாயமில்லை என்று தோன்றினால், மாநில டெண்டரில் முடிவு உத்தரவு கைக்கு வந்த 10 நாளுக்குள் அரசிடம் மேல்முறையீடு செய்ய 1998 சட்டத்தின் 11-ஆம் பிரிவு இடம் தருகிறது. நீதிமன்றம் போனால், முடிவு சரியா என்பதைவிட அதை எடுத்த முறை சரியா என்றுதான் பார்ப்பார்கள், 1994-இன் டாடா செல்லுலார் தீர்ப்பிலிருந்து அதுவே வழக்கம். ஆகவே முறை தவறிய இடத்தைத் தேதியோடு காட்ட வேண்டும். முன்வைப்புத் தொகை திரும்பி வராவிட்டால் கடிதம் எழுதிக் கேளுங்கள், கேட்காமல் கிடக்கும் தொகைகள் நிறைய.

ஜெயித்தால் ஏற்புக் கடிதத்தில் உறுதித்தொகைக்கும் ஒப்பந்தம் போடவும் தந்திருக்கும் நாட்களை உடனே பாருங்கள். பில் கொடுக்கும்போது வேலையை ஏற்றுக்கொண்டதற்கு எழுத்தில் சான்று வாங்கிவிடுங்கள். உத்யம் பதிவு உள்ள குறு, சிறு நிறுவனத்துக்கு, 2006-இன் எம்.எஸ்.எம்.இ. மேம்பாட்டுச் சட்டப்படி, ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து 45 நாளுக்குள் பணம் தர வேண்டும், ஒப்பந்தத்தில் அதைவிட நீண்ட கெடு எழுதியிருந்தாலும். தவறினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. எம்.எஸ்.எம்.இ. அமைச்சகத்தின் தளத்தில் மனு கொடுத்தால், அது இத்தகைய நிலுவைகளை விசாரிக்கும் வசதியாக்கக் குழுவுக்குப் போகும். அங்கே முதலில் கேட்பது, வேலையை ஏற்றுக்கொண்ட அந்தச் சான்றைத்தான்.